கறுப்பு கறுப்பாகவே வந்தது: பம்பலப்பிட்டியில் ஒரு பட அச்சுக்கடை

கொழும்பு வெள்ளவத்தை வீட்டு முன்னறைச் சுவருக்கு எனக்கு ஒரே ஒரு படம்தான் வேண்டியிருந்தது: சோபியா நலெபின்ஸ்கா-பொய்ச்சுக் மரத்தில் வெட்டிய கிராமத்துப் படம். 1920களில் உக்ரேனின் கீவ் நகரில் மரச்செதுக்கு அச்சு, அதாவது மரக்கட்டையில் படத்தைச் செதுக்கி மை பூசிக் கடதாசியில் எடுக்கும் கலை, கற்பித்தவர் அவர். தலைத்துணி கட்டிய பெண்கள், பிள்ளைகள், வேலை செய்து தடித்த கைகள் என்று கிராமத்தை அகலமான, அமைதியான உருவங்களாகச் செதுக்கினார். அவருடைய ‘பசித்த பிள்ளைகள்’ என்ற படத்தைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்ட எனக்கு மனம் வரவில்லை. பெண்கள் இருக்கிற ஒன்றைத் தேர்ந்துகொண்டேன்.

முதலில் கொடுத்த கடையின் பெயர் வேண்டாம். மினுங்கும் போட்டோக் கடதாசியில் எடுத்துத் தந்தார்கள். ரியூப் லைட் வெளிச்சம் பெண்ணின் முகத்தில் விழ, முகமே தெரியவில்லை. கறுப்பு மண்ணிறமாக இருந்தது. ஓரத்து வெள்ளையை அழகுக்காக வெட்டியும் விட்டார்கள். காசு போனது ஒரு பக்கம், படத்தைப் பார்க்கவே எனக்குக் கவலையாக இருந்தது.

அப்புறம்தான் பம்பலப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் இருக்கிற இந்தச் சின்னக் கடைக்குப் போனேன். யூஎஸ்பியில் கொண்டுபோன கோப்பைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்த தம்பி முதலில் கேட்டது, “அக்கா, இது மரத்தில வெட்டினதா?” என்றுதான். நான் பெரிய ஏ2 அளவு கேட்டேன். அவர் மறுத்தார். மரக்கட்டையில் வெட்டுகிற படங்கள் பொதுவாகச் சின்னவை. “பெரிசாக்கினா கோடெல்லாம் மொத்தமாகிடும், உளி போன இடம் தெரியாது” என்றார். படத்தைச் சின்னதாகவே விட்டு, சுற்றிவர அகலமாக வெள்ளை விடச் சொன்னார். கூடுதல் காசு வாங்கக்கூடிய இடத்தில் இப்படிச் சொன்னவரை நான் வேறு எங்கும் காணவில்லை.

மினுக்கமில்லாத பருத்திக் கடதாசி. எல்லா நிறத்தையும் கலந்து கறுப்பு உண்டாக்காமல், மினுக்கமில்லாத கறுப்பு மையை மட்டும் வைத்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு சோதனைக்கு எடுத்துக் காட்டினார். அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தலைத்துணியின் மடிப்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், ஒவ்வொன்றும் தனியாக. உளி இறங்கும் இடத்தில் மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் அகன்று, திரும்ப ஊசி மாதிரி முடிகிறது. முதல் கடைப் படத்தில் அந்த இடம் வெறும் சாம்பல் நிறத் திட்டாக இருந்தது. கரவெட்டியில் அம்மம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு நெல்லுக் காயவைக்கிற நேரம் துணி இப்படித்தான் மடிந்திருக்கும்.

சட்டமும் அங்கேயே போட்டேன். தேக்கு நிற மெல்லிய மரம். கடதாசி கண்ணாடியில் ஒட்டாதபடி இடையில் தடித்த மட்டை வெட்டி வைத்தார். கடற்காற்று வீடுகளில் இது முக்கியம். ஒட்டிக்கிடந்தால் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். அச்சும் சட்டமுமாக 7,500 ரூபா. மலிவில்லை, ஆனால் சரி.

குறையும் உண்டு. நாலு நாள் என்று சொன்னது பத்து நாளானது, நான் இரண்டு தரம் போய் வெறுங்கையோடு திரும்பினேன். தொங்கவிடும் கம்பியும் மெல்லியது. வீட்டில் மாற்றிக்கொண்டேன். சனிக்கிழமை பின்னேரம் போகாதீர்கள், திருமண அல்பக்காரர்கள் நிறைந்திருப்பார்கள்.

படத்தை எடுக்கப் போனபோது தம்பி, “இதை வெட்டினவ யார் அக்கா?” என்று கேட்டார். சொன்னேன். கணவர் மிக்கைலோ பொய்ச்சுக்கும் ஓவியர், அவரை 1937 ஜூலையில் சோவியத் அரசு சுட்டுக்கொன்றது. அதே ஆண்டு டிசம்பரில் சோபியாவையும். பொய்ச்சுக்கும் மாணவர்களும் தீட்டிய சுவரோவியங்களை அழித்தார்கள். கடதாசியில் அச்சானவை பல கைகளில் இருந்தன, அவற்றில் சில தப்பின.

தம்பி ஒன்றும் பேசவில்லை. சுற்றிக்கட்டிய பழைய பேப்பரைப் பிரித்து, கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்து, மூலைகளுக்கு மட்டை வைத்துத் திரும்பக் கட்டித் தந்தார்.