ராணி எறும்புக்கு முதல் வீடு: டெஸ்ட் டியூபா, ஜிப்சமா, மண்ணா?

எறும்பு வளர்க்கும் ஆசையில், மழைக்கு அப்புறம் இறகை உதிர்த்துவிட்டுத் தரையில் பரபரவென்று ஓடிய ராணி எறும்பைப் பிடித்தாயிற்று. இனி அதை எதில் வைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. டெஸ்ட் டியூப் போதும் என்பார்கள் சிலர். ஜிப்சத்தில் அறை செய்து கொடுப்பதுதான் அழகு என்பார்கள் வேறு சிலர். காட்டில் மண்ணில்தானே வாழ்கிறது, மண்ணையே கொடுங்கள் என்பது மூன்றாவது கட்சி. என் ஓட்டு டியூபுக்குத்தான். ஆனால் எல்லா ராணிக்கும் அல்ல.

முதலில் ராணி எப்படிக் குடும்பம் தொடங்குகிறது என்று பார்த்துவிடுவோம். கட்டெறும்பு வகையான காம்போனோட்டஸ், தோட்டத்து எறும்பு வகையான லாசியஸ், நெருப்பெறும்பு இவற்றின் ராணிகள் மண்ணுக்குள் சின்ன அறை தோண்டி, வாசலை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிடும். இனி பறக்கத் தேவையில்லை என்பதால் இறகுத் தசைகள் கரையும். அந்தச் சத்தும் உடம்பில் இருக்கும் கொழுப்பும்தான் முதல் குஞ்சுகளுக்கு ஆகாரம். வேலைக்கார எறும்புகள் வெளிவரும் வரை ராணி வாயில் எதுவும் போடாமலே சமாளிக்கும். போனரின் என்னும் வேட்டையாடும் எறும்பு வகைகள் பலவற்றில் கதை வேறு. அங்கே ராணியே வெளியே போய் இரை பிடித்து வந்தால்தான் முட்டையிலிருந்து வந்த புழுக்கள் வளரும். மார்பும் வயிறும் பருத்து, வேலைக்கார எறும்பிலிருந்து பளிச்சென்று வேறுபட்டுத் தெரிந்தால் பெரும்பாலும் முதல் வகை. வேலைக்கார எறும்பைவிடக் கொஞ்சம்தான் பெரிது, ஒல்லி, நாள் கணக்கில் ஓயாமல் அலைகிறது என்றால் இரண்டாவது வகையாக இருக்கலாம்.

டெஸ்ட் டியூப்

மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, பஞ்சை உள்ளே தள்ளி, தண்ணீரைத் தொடும்படி அழுத்த வேண்டும். இடையில் காற்றுக்குமிழி நிற்கக் கூடாது. அப்புறம் ராணியை உள்ளே விட்டு, டியூபின் வாயில் இன்னொரு பஞ்சு. வேலை முடிந்தது. அடைத்துக்கொண்டு வாழும் ராணி தானே தோண்டும் அறையும் இப்படித்தான்: ஒடுக்கம், ஈரம், இருட்டு. இதற்குமேல் அலங்காரம் எதுவும் அதற்குத் தேவைப்படாது.

டியூபின் பெரிய பலம், எதையும் திறக்காமல் எல்லாவற்றையும் பார்க்க முடிவது. சிவப்பு வெளிச்சம் பெரும்பாலான எறும்புகளுக்குச் சரியாகத் தெரியாது. சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிவிட்டுப் பார்த்தால், சர்க்கரைத் துகள் அளவில் முட்டைகள் ஒரே கட்டியாக ஒட்டியிருப்பதும், ராணி அதை நக்கிச் சுத்தம் செய்வதும் தெரியும். தாளை எடுத்து வெளிச்சத்தைக் காட்டினால் போதும், கட்டியைத் தாடையில் கவ்விக்கொண்டு மறுமுனைக்கு ஓடும். இதையே தினமும் செய்தால் முட்டையைத் தின்றுவிடவும் செய்யும். வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் தாராளம்.

குறைகளும் உண்டு. பஞ்சில் பூஞ்சை பிடிக்கும், சில மாதத்தில் தண்ணீர் தீரும். பஞ்சு லேசாக மஞ்சளானதற்கே பதறி ராணியைத் தட்டிக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தேவையில்லாத வேலை. புது டியூப் ஒன்றைத் தயார் செய்து, இரண்டின் வாயையும் சேர்த்து டேப் ஒட்டி, புதியதை இருட்டாக்கிவிடுங்கள். வேண்டும் என்றால் ராணியே முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போகும். போகவில்லையா, பழைய இடமே அதற்குப் பிடித்திருக்கிறது.

சூடு கொடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் பல இனங்களுக்குச் சரிப்படும். ஆனால் சூட்டைத் தண்ணீர் இருக்கும் பக்கம் வைத்தால், உள்ளே சிக்கிய காற்று விரிந்து தண்ணீரைப் பஞ்சு வழியாகத் தள்ளிவிடும். முட்டையோடு ராணியும் மூழ்கும்.

ஜிப்சம்

பார்க்க அழகு, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கூட்டம் பெருகிய பிறகு அருமையான வீடு. தனி ராணிக்கு மட்டும் பொருந்தாது. ஈரம் வற்றினால் முட்டைகள் சுருங்கிவிடும், அதனால் நாம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதிர்வு, வெளிச்சம், கலக்கம். இடம் பெரிதாக இருந்தால் மூலையில் குப்பை சேர்ந்து பூஞ்சை கிளம்பும். சில டஜன் வேலைக்காரர்கள் வரும் வரை இது காத்திருக்கட்டும்.

மண்

இயற்கையானது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. மேலே உலர்வு, கீழே ஈரம் என்று ராணி தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கும். ஆனால் புதைந்த ராணி உயிரோடு இருக்கிறதா என்பதே தெரியாது. தோண்டிப் பார்த்தால் அறை இடியும். கூடவே உண்ணிகளும் வந்து சேரலாம்.

மண் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: போனரின் வகைகள். இவற்றின் புழுக்கள் தம்மைச் சுற்றிக் கூடு கட்டும்போது நூலை ஒட்டப் பிடிமானம் தேடும். அதற்கும் முழு ஜாடி மண் வேண்டாம். டியூபுக்குள் ஒரு சிட்டிகை ஈர மண் போட்டால் போதும். நான் சொல்லும் நடுவழி இதுதான்.

தீனி போடலாமா?

அடைத்துக்கொள்ளும் வகை என்றால் பட்டினியே மேல். போட்ட பூச்சித் துண்டு மிஞ்சி அழுகினால் பூஞ்சை டியூபை விழுங்கிவிடும். தேனைத் துளியாக வைத்தால் ராணி அதில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இரை தேடும் வகைக்குப் பட்டினி போட்டால் அது சாவுதான். சில நாளுக்கு ஒரு முறை உறையவைத்துக் கொன்ற சிறு பூச்சித் துண்டு, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுவது, கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர், அவ்வளவே.

ஒரே டியூபில் இரண்டு ராணி போட்டால் வேகமாக வளருமே என்று தோன்றும். லாசியஸ் நைகர் ராணிகள் சேர்ந்து முட்டையிடவும் செய்யும். முதல் வேலைக்காரர்கள் வந்ததும் சண்டை மூண்டு ஒன்றுதான் மிஞ்சும். இனம் தெரியாதவரை தனித்தனி டியூப்.

இறகு உதிர்ந்ததையோ முட்டை வந்ததையோ பார்த்து இணை சேர்ந்த ராணி என்று முடிவு கட்ட முடியாது. சேராத ராணியும் முட்டையிடலாம், அதில் ஆண்கள் மட்டுமே வரும். முதல் வேலைக்காரர் வந்தால்தான் உறுதி. லாசியஸ் போன்றவற்றில் வெப்பத்தைப் பொறுத்து அதற்கு ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கும். அந்த முதல் ஈடு வழக்கத்தைவிடச் சின்னதாகவே இருக்கும், நோய் என்று பயப்பட வேண்டாம். அவர்கள் நடமாடத் தொடங்கியதும் வாய்ப்பஞ்சைத் தளர்த்தி, டியூபை அப்படியே ஒரு மூடிய சின்னப் பெட்டிக்குள் வைத்துத் தீனியை அங்கே போடத் தொடங்கலாம்.