பிஎஸ்3 குறுக்கிணைப்பான்: நாகர்கோவில் ஆய்வகத்தில் பயன்படுத்திய அனுபவம்

புரதங்களைப் பிணைக்க எங்கள் நாகர்கோவில் ஆய்வகத்தில் முன்பு பயன்படுத்திய டிஎஸ்எஸ் என்ற குறுக்கிணைப்பான் நீரில் கரையாததால், அதை முதலில் டிஎம்எஸ்ஓ என்ற கரிமக் கரைப்பானில் கரைக்க வேண்டியிருந்தது. அதே 11.4 ஆங்ஸ்ட்ராம் இணைப்பு நீளம் (பிணைக்கும் இரு முனைகளுக்கு இடையிலான தொலைவு) கொண்ட பிஎஸ்3, நீரை ஈர்க்கும் சல்போனேட் தொகுதிகள் இருப்பதால் நேரடியாகவே நீரில் கரைவது எனக்குப் பெரும் நிறைவைத் தந்தது. இது புரதங்களிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமைன் தொகுதிகளுடன் வினைபுரிவதால், அமைன் கொண்ட டிரிஸ் தாங்கல் கரைசலை (அமில-கார நிலையை மாறாமல் வைப்பது) தவிர்த்துப் பாஸ்பேட்டில் வினையை நடத்தி, இறுதியில் அதை நிறுத்த மட்டுமே டிரிஸ் சேர்க்கிறோம். செல் சவ்வைக் கடக்காது என்பதால் மேற்பரப்புப் புரதங்களுக்கு மிகவும் ஏற்றது.

நீருடன் சேர்ந்தால் படிப்படியாகச் சிதைந்து வினைத்திறனை இழப்பதால், ஈரப்பதமே இதன் பகை. இரு பருவமழையும் பெறும் குமரி மாவட்டத்தில் இது சிறிய செய்தியன்று. ஐப்பசி மழைநாளொன்றில், உறைபெட்டியிலிருந்து எடுத்த குளிர்ந்த குப்பியை உடனே திறந்ததால், ஈரம் படிந்து முழுத் தூளையும் இழந்தேன். அறை வெப்பநிலைக்கு வந்த பின்னரே திறக்க வேண்டும். கரைத்ததை அப்போதே பயன்படுத்திவிட வேண்டும். விலை கூடுதலானாலும், ஒரே முறையில் தீர்ந்துவிடும் 2 மில்லிகிராம் குப்பிகளையே பரிந்துரைக்கிறேன்.