மூணு வருஷத்துக்கு மேல பிஎம்ஆர் டாக்டர்: கோத்தகிரில இருந்து ஒரு ரிவ்யூ

குன்னூர் ஃபிரெண்டு ஒருத்தி போன வாரம் வாய்ஸ் நோட் போட்டிருந்தா. அவ மாமனாருக்கு தலைல அடிபட்டு, ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து மூணு மாசம் ஆகுது. பிசியோ வீட்டுக்கே வர்றார், அப்புறம் பிஎம்ஆர் டாக்டர்னு (ஃபிசிகல் மெடிசின் அண்ட் ரிஹாபிலிட்டேஷன், அதாவது மறுவாழ்வு மருத்துவம்) தனியா ஒருத்தர் எதுக்குடின்னு கேக்குறா. போன்ல பேசினா கத்திடுவேன், அதான் எழுதுறேன்.

என் தம்பிக்கு 2021 ஆடி மாச மழைல பைக் சறுக்கி தலைல அடி. இடது பக்க மூளை, அதனால வலது கை கால் போச்சு, பேச்சு குழறும். வென்டிலேட்டர் கதையெல்லாம் விடுங்க, பட்டவங்களுக்குத் தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரில கடைசி வரி, பிசியோதெரபி தொடரவும். அவ்ளோதான். இதுக்குன்னே எம்.டி. படிச்ச டாக்டருங்க இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியறதுக்குள்ள 11 மாசம் ஓடிப்போச்சு. வேலூர்ல டாக்டர் மேரி வர்கீஸ் 1966லயே இதுக்குன்னு தனி இன்ஸ்டிடியூட் ஆரம்பிச்சிருக்காங்க, அதுவும் அவங்களே 1954ல கார் விபத்துல கால் ரெண்டும் போய் வீல்சேர்ல உக்காந்துட்டே ஆபரேஷன் பண்ணவங்க. 1966ல இருந்து இருக்குற ஒரு விஷயத்தை 2021ல ஒரு வரி எழுதிக் குடுக்க ஒருத்தருக்கும் கை வரலையேன்னு எனக்கு இன்னும் ஆறல.

முதல் தடவ பிஎம்ஆர் டாக்டரைப் பாக்க கோயமுத்தூர் போனப்போ நாங்க ஸ்கேன் கவரை நீட்டினோம். டாக்டர் அதை ஓரமா வெச்சுட்டு, வீட்டுக்கு எத்தனை படின்னு கேட்டார். ரோட்ல இருந்து மேல ஏறணும், 43 படிங்கன்னேன். கைப்பிடி எந்தப் பக்கம்? யோசிச்சுப் பாத்தா ஏறும்போது இடது பக்கம், இறங்கும்போது வலது பக்கம். அதாவது வராத கை பக்கம்! இவன் பல மாசமா வீட்டை விட்டு இறங்க மாட்டேன்னு அடம் புடிச்சதுக்கு பயந்தாங்கொள்ளி, சோம்பேறின்னு திட்டாத ஆளு வீட்ல கிடையாது, அம்மா திருஷ்டி கூட கழிச்சாங்க. அடுத்த வாரம் எதிர்ப்பக்கம் ஒரு ஜிஐ பைப் அடிச்சு விட்டோம். நாலே நாள்ல தானா டீக்கடைக்கு இறங்கிட்டான்.

கணுக்காலைத் தாங்க காலுக்கு மாட்டுற ஸ்ப்ளின்ட்டும் அப்படித்தான். முன்னாடி வாங்கினது கணுக்கால் அசையாத டைப், பிசியோ ரூம் டைல்ஸ்ல ராஜா மாதிரி நடப்பான், எங்க ஊர்ல டைல்ஸ் தரை எங்க இருக்கு? இறக்கத்துல குதிகால் வெச்சதும் பாதம் கீழ போக முடியாம முட்டிய முன்னாடி தள்ளி விட்டுடும். டாக்டர் கீல் வெச்சதா மாத்திக் குடுத்தார். ஏத்தத்துக்கு 10க்கு 9 போடலாம். இறக்கத்துல இன்னும் கொஞ்சம் தள்ளத்தான் செய்யுது, அதை அவரே முன்கூட்டி சொல்லிட்டார், இறங்கறப்ப கம்பியை நம்பு, ஸ்ப்ளின்ட்டை நம்பாதன்னு. மழை நாள்ல கீல் கிறீச் கிறீச்னு கத்தும், அதுக்கு மருந்து தேங்காண்ணெய்தான்.

ஆனா நான் சொல்ல வந்தது நகம். போன ஜனவரி உறைபனில கால் மரக்கட்டை மாதிரி இறுகிடுச்சு. குளிருக்குத்தான்னு நாங்களே முடிவு பண்ணி, தசையைத் தளர்த்துற போடாக்ஸ் ஊசி போட்டுடலாம்னு நகைய வெச்சு காசோட போனோம். டாக்டர் சாக்ஸைக் கழட்டினார். கட்டை விரல் நகம் ஓரத்துல சதைக்குள்ள போய் சீழ் வெச்சிருக்கு. அவனுக்கு வலி சரியா தெரியாது, தெரிஞ்சாலும் சொல்ல வராது, அந்த வலி இறுக்கமா வெளிய வருதாம். யூரின் இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல், டைட்டான ஷூ எதுவா இருந்தாலும் இப்படித்தான் காட்டுமாம். ஊசி போட்டா மூணு மாசம் தாங்கும், நகம் அப்படியே இருக்கும், முதல்ல நகத்தைப் பாருங்கன்னு அனுப்பிட்டார். பத்து நாள்ல கால் தளர்ந்துச்சு. தினமும் அந்த சாக்ஸை மாட்டி விடுறது நான்தான், எனக்குத் தெரியல பாருங்க.

அவன் கோவத்துக்கும் ஃபிட்ஸ் மாத்திரை ஒரு காரணமா இருக்கலாம்னு நியூரோ டாக்டருக்கு லெட்டர் எழுதிக் குடுத்தவரும் இவர்தான், அவர் பாத்து கொஞ்சம் கொஞ்சமா மாத்தினார் (நீங்களா நிறுத்திடாதீங்க, ஃபிட்ஸ் வந்துடும்).

இவ்ளோ நல்லது சொல்லிட்டு இப்ப கடுப்புக்கு வர்றேன். நேத்து காலைல அஞ்சரைக்கு கிளம்பினோம். குஞ்சப்பனைல பலாப்பழத்துக்கு வந்த யானை ரோட்ல நிக்குது, முக்கா மணி நேரம் போச்சு, வளைவுல அவன் ரெண்டு தடவ வாந்தி, அங்க போனா டோக்கன் தாண்டிடுச்சு, நாலு மணி நேரம் பெஞ்சு, உள்ள 12 நிமிஷம். இன்னைக்கு பூரா தூங்குறான், எழுப்பினா பேச்சு இன்னும் குழறுது, இந்த அசதி போக ரெண்டு நாள் ஆகும். விபத்து நடந்தா முதல் 48 மணி நேர சிகிச்சை செலவுக்கு அரசாங்கத் திட்டம் இருக்கு, நல்ல திட்டம், எங்களுக்கு அப்புறம்தான் வந்துச்சு. மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோ பொண்ணு வீட்டுக்கே வருது, தங்கமான பொண்ணு. இந்த டாக்டர் மட்டும் ஏன் மாசம் ஒரு நாள் மலையேறி வரக் கூடாது? வீடியோ கால்லயும் ஆகாது, கால மடக்கிப் பாத்தாத்தான் இறுக்கம் கைக்குத் தெரியும்.

டாக்டருக்கு 5 ஸ்டார் போடத்தான் உக்காந்தேன். 2 ஸ்டார். போங்க.

அடியே, உனக்குத்தான். மூணு மாசம்தான ஆச்சு, இப்பவே கூட்டிட்டுப் போ. மாத்திரை எல்லாத்தையும் கவரோட எடுத்துக்கோ. வீட்டுப் படியை மேல இருந்து ஒண்ணு கீழ இருந்து ஒண்ணு போட்டோ எடு, கைப்பிடி தெரியணும். மாமனாரோட கால் நகத்தை இன்னைக்கே பாரு.