ஜெபக்கூட்டத்தில் பேச்சைத் தொடங்க எந்தக் கேள்வி நல்லது?

பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கிறது. பன்னிரண்டு, பதினைந்து பேர் வருவோம். பாட்டு, வேதபாடம், ஜெபம் எல்லாம் முடிந்து காபி குடித்ததும் அவரவர் கிளம்பிவிடுவோம். பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பற்றி ஒன்றும் தெரியாமலே வருஷம் ஓடிவிடும். அதனால் ஆரம்பத்தில் பத்து நிமிஷம் ஒரு கேள்வி கேட்டு எல்லோரையும் பேசவைக்கத் தொடங்கினோம். மூன்று விதமான கேள்விகளைக் கேட்டுப் பார்த்தாயிற்று.

முதலில் வேதப்புதிர். ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே நமக்குப் பழகியது. மெத்தூசலா எத்தனை வருஷம் உயிரோடிருந்தார்? 969. பேதுரு கரைக்கு இழுத்த வலையில் எத்தனை மீன்? 153. பிள்ளைகள் என்றால் கையைத் தூக்கிக்கொண்டு துள்ளுவார்கள். பெரியவர்களிடம் இது சரிப்படவில்லை. வாராவாரம் அதே மூன்று பேர்தான் விடை சொன்னார்கள். புதிதாக வந்த ஒரு தம்பி, கேள்வி தன் பக்கம் திரும்பிவிடுமோ என்று கடைசிவரை தலையைக் குனிந்தே இருந்தார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. இன்றைக்கும் அது என் மனசை உறுத்துகிறது. தவிர, 153 என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

அடுத்தது 'இதுவா, அதுவா'. நோவாவின் பேழையில் மிருகங்களோடு ஒரு வருஷமா, யோனாவைப் போல மீன் வயிற்றில் மூன்று நாளா? சபை விருந்தான அசனத்தில் பந்தி பரிமாறுவீர்களா, அண்டா கழுவுவீர்களா? கிறிஸ்துமஸுக்கு வீடுவீடாகப் போகும் கேரல் ரவுண்ட்ஸில் விடிய விடியப் பாடப் போவீர்களா, வீட்டிலேயே இருந்து, பாட வருகிறவர்களுக்கு டீ போடுவீர்களா? தப்பான விடையே கிடையாது என்பதால் முதல் நாள் வந்தவரும் வாய் திறக்கிறார். வாலிபர் ஐக்கியத்துக்கு இதுதான் பொருத்தம். 'ஏன்?' என்று கேட்க மட்டும் மறக்கக்கூடாது. அண்டா கழுவுவேன் என்ற ஒரு அண்ணனிடம் ஏன் என்று கேட்டோம். "அங்கேதான் ஊர்க்கதை எல்லாம் ஓடும்" என்றார். அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை.

மூன்றாவது நினைவுக் கேள்வி. என் ஓட்டு இதற்குத்தான்.

ஒருமுறை, "உங்கள் வீட்டில் இருக்கிற மிகப் பழைய வேதப்புத்தகம் யாருடையது?" என்று கேட்டேன். தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சேறியது. அப்போதிலிருந்து எத்தனை வீட்டு அலமாரிகளில் எத்தனை புத்தகங்கள் இருந்திருக்கும் என்ற நினைப்பில்தான் கேட்டேன். ஒரு பெரியம்மா மறுவாரம் தன் அப்பாவின் வேதாகமத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். முன்பக்கத்தில் ஒன்பது பிள்ளைகளின் பிறந்த தேதி, அப்பாவின் கையெழுத்தில். இரண்டு பேருக்குப் பிறந்த வருஷமே இறந்த வருஷமும். அந்தப் பக்கத்தை எல்லோரும் கைமாற்றிப் பார்த்தோம். அவர் பக்கத்தில் மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

இதிலும் கவனம் வேண்டும். தன் தலைமுறையில்தான் விசுவாசத்துக்கு வந்தவரிடம் பழைய வேதாகமம் எங்கே இருக்கும்? அவரும் இருக்கிற கூட்டத்தில், "ஆலயமணிச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டது எங்கே?", "சின்ன வயசில் பண்டிகைக்கு உங்கள் வீட்டில் என்ன பலகாரம்?" என்று கேட்கலாம். எந்த வீட்டில் பிறந்தவருக்கும் அதற்குப் பதில் உண்டு.

நாம் வழக்கமாகக் கேட்கிற "சொந்த ஊர் எது? யார் மகன்?" இரண்டையும் அடியோடு விடவேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சாதியைத் தெரிந்துகொள்ளவா ஐக்கியத்துக்கு வருகிறோம்? "எத்தனை பிள்ளைகள்?" என்பதும் வேண்டாம். அது எத்தனை பேரை அழவைத்திருக்கிறதோ. "உங்கள் பெரிய போராட்டம் என்ன?" என்பது நல்ல கேள்விதான், ஆனால் பழகி ஆறு மாசமாவது ஆகட்டும்.

ஸ்தோத்திரப் பண்டிகையில் சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் பொருள்களை ஏலம் விடுவார்கள். இந்த வெள்ளிக்கு நான் வைத்திருப்பது அதைப் பற்றித்தான்: "ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் உங்கள் வீட்டில் அதிக விலை கொடுத்து எடுத்தது எதை?" எங்கள் வீட்டில் அது ஒரு பூசணிக்காய். அப்பா அதைத் தோளில் வைத்தே வீடுவரை நடந்து வந்தார்.