கீழடியா, பழவேற்காடா, அத்திரம்பாக்கமா? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு யோசனை

தொல்லியல் ஆர்வம் வந்துவிட்டால் இப்போது எல்லோரும் முதலில் கீழடிக்குத்தான் டிக்கெட் போடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் தண்டையார்பேட்டையிலோ வண்ணாரப்பேட்டையிலோ இருந்துகொண்டு, கையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது, பழைய சங்கதிகளைப் பார்க்க எங்கே போவது என்று கேட்டால் என் பதில் வேறு. நம்ம எண்ணூரில் கடலில் கலக்கிற கொசஸ்தலை ஆற்றை எதிர்த்திசையில் பிடித்துக்கொண்டு மேற்கே, பூண்டி பக்கம் இருக்கும் அத்திரம்பாக்கத்துக்குப் போங்கள்.

கீழடியின் பெரிய பலம் அதன் அருங்காட்சியகம். 2023 மார்ச்சில் திறந்தார்கள், செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியது. ஒன்றுமே தெரியாமல் உள்ளே போகிறவருக்கும் வெளியே வரும்போது ஒரு தெளிவு வந்துவிடும். பானை ஓடுகளில் கீறியிருக்கும் ‘ஆதன்’ போன்ற பெயர்கள், தந்தப் பகடை, சுடுமண் ஆட்டக்காய்கள், உறைகிணறு என்று வரிசையாக வரும். மத்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வை மாநிலத் துறை எடுத்துத் தொடர்ந்தது, கரிமக் காலக்கணிப்பு கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போனது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த மூன்றில் இதுதான் சரியான இடம். குறை தூரம்தான். எழும்பூர் போய், ராத்திரி ரயில் ஏறி, மதுரையில் இறங்கி பஸ் பிடித்து, திரும்பவும் அதே பாடு. சமணர் மலையும் மீனாட்சியம்மன் கோயிலும் சேர்த்து ரெண்டு மூணு நாளாகப் போட்டால்தான் கட்டுப்படியாகும்.

பழவேற்காடு நமக்கு ரொம்பப் பக்கம். கொருக்குப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ். பைக்கில் மீஞ்சூர் வழியாகப் போகிறவர்கள் கண்டெய்னர் லாரிகளுக்கு முன்பே விடிகாலையில் கிளம்பிவிடுவது நல்லது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள், 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். இங்கே துணியை வாங்கி இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் மசாலாவுக்கு மாற்றுகிற வியாபாரம். வெடிமருந்தும் இங்கே செய்தார்கள், மனிதர்களையும் அடிமைகளாகப் படாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள், கல்லறையின் அழகைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். கோட்டை முள்செடிக்குள் மேடாகக் கிடக்கிறது, கற்பனைதான் துணை. கல்லறைத் தோட்டம் மட்டும் ஏமாற்றாது: வாசலிலேயே எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், உள்ளே டச்சு எழுத்தும் குலச் சின்னமும் வெட்டிய பெரிய பெரிய பலகைக் கற்கள். செம்புறாங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரல் நீளத்துக்கு ராமாயணச் சிற்பங்கள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டு வராதீர்கள். அப்புறம் நண்டு. அரை நாள் போதும். ஆனால் நானூறு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் இதன் வயது, ‘பழசு’ என்று தேடிப்போகிறவருக்குப் பசி அடங்காது.

அத்திரம்பாக்கத்தில் பசி அடங்கும், ஆனால் பார்ப்பதற்கென்று அங்கே எதுவும் கட்டிவைக்கவில்லை. மழைநீர் அரித்த ஓடைகள், செம்மண், கல். இதைக் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள், வாங்கட்டும்.

1863 மே மாதம் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்த கதை பலருக்கும் தெரியும். அதே ஆண்டு செப்டம்பரில் சக நிலவியலாளர் வில்லியம் கிங்கோடு அவர் வந்து சேர்ந்த இடம் இது. 1999 முதல் தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் இங்கே பொறுமையாகத் தோண்டினார்கள். 2011-இல் வெளியான முடிவு, கீழ் அடுக்கின் கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்றது. எனக்குப் பிடித்தது அதைக் கணக்கிட்ட விதம். கல் வெட்டவெளியில் கிடக்கும்போது விண்வெளிக் கதிர் பட்டு அதற்குள் பெரிலியம், அலுமினியம் ஆகியவற்றின் கதிரியக்க வகைகள் சேரும், ஆழத்தில் புதைந்ததும் வரத்து கிட்டத்தட்ட நின்றுபோய், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதையும், மிச்ச விகிதத்தை அளந்தால் புதைந்து எவ்வளவு காலமாச்சு என்று தெரிந்துவிடும். 2018-இல் இன்னொன்று வந்தது. பெரிய கோடரிகளை விட்டு, திட்டமிட்டுச் சிறு சில்லுகளைத் தட்டி எடுக்கும் நுட்பம் இங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதாம். தட்டியவர்கள் யார்? மனித எலும்பு கிடைக்காததால் சண்டை ஓயவில்லை.

முதலில் பூண்டி அருங்காட்சியகம் போங்கள், சின்னதுதான். திருவள்ளூர் வரை ரயில், பிறகு பஸ். பைக் என்றால் செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழி. அங்கே குவார்ட்சைட் என்கிற கடினமான கல்லில் செய்த கைக்கோடரிகளை நன்றாகப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டால்தான் ஓடையில் எது கருவி, எது வெறும் கல் என்று பிரிக்க முடியும். சில்லு பெயர்ந்த குழிகள் இரண்டு முகத்திலும் ஓரத்தை ஒட்டி வரிசையாக இருந்தால் அது கை பட்டது, எங்கோ ஒரே ஒரு உடைப்பு என்றால் வெள்ளம் உருட்டியதாகவும் இருக்கலாம். பாருங்கள், படம் எடுங்கள், பைக்குள் மட்டும் போடாதீர்கள். எந்த இடத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் அந்தக் கல் பேசாது.

தெம்பு இருந்தால் பக்கத்திலுள்ள குடியம் குகை. புதர்க்காட்டில் நல்ல நடை, நிழல் குறைவு, அதனால் மார்கழி, தை மாதங்கள்தான் தோது. சித்திரையில் போகிறேன் என்பவரோடு நான் வரமாட்டேன். காட்டுப் பகுதி என்பதால் வனத்துறை அனுமதியை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். குகைப் பாறையில் பெரிய தேன்கூடுகள் தொங்கும், கத்திக் கூப்பாடு போடுகிற கூட்டத்தோடு போகாதீர்கள்.

ஆக, வீட்டில் எல்லோரும் வருகிறார்களா, கீழடி. மதியச் சாப்பாட்டுக்குள் முடிய வேண்டுமா, பழவேற்காடு. தனியாகவோ ஒத்த ஆர்வமுள்ள ஒருவரோடோ என்றால் யோசிக்காமல் பூண்டி பக்கம் போங்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒரு நடை பார்த்துவிடுங்கள், ஃபூட் சேர்த்த கல் கருவிகள் 1904-இல் அங்கேதான் போய்ச் சேர்ந்தன, அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பொருட்களும் அங்கே உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.