பிளாண்ட் சேறா, மாட்டுக் குப்பையா: தோப்புக்கு எதைப் போடுவது?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற யாரைப் பார்த்தாலும் குப்பை (சாண எரு) விலையைப் பற்றித்தான் பேச்சு. வீட்டுக்கு வீடு மாடு இருந்த காலம் போய்விட்டது. ஒரு டிப்பர் மாட்டுக் குப்பை வாங்க பொள்ளாச்சி வரைக்கும் ஆள் விட வேண்டியிருக்கிறது. இந்த நேரத்தில்தான் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் (பிளாண்ட்) மிஞ்சுகிற சேற்றை, "வண்டி வாடகை மட்டும் குடுங்க, தோப்புலயே தட்டிர்றோம்" என்று கொண்டுவருகிறார்கள். எங்கள் தோப்புக்கு இரண்டையும் எடை போட்டுப் பார்த்து, கடைசியில் மாட்டுக் குப்பைக்கே காசு கொடுத்தேன். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

நாற்றம், ஈ, கூலியாட்கள் முகம் சுளிப்பது எல்லாம் தெரிந்த கதை. சத்துக் கணக்கில் சேறுதான் ஜெயிக்கும். காய்ந்த சேற்றில் தழைச்சத்து (நைட்ரஜன்) 3 சதவீதம் வரை சாதாரணமாக இருக்கும். மாட்டுக் குப்பையில் அரை சதவீதம் இருந்தாலே நல்ல குப்பை. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேற்றில் அதிகம். ஆனால் தென்னைக்கு முதலில் வேண்டியது சாம்பல் சத்து (பொட்டாஷ்). மரத்துக்கு வருடம் 560 கிராம் தழைச்சத்து என்றால் சாம்பல் சத்து 1200 கிராம் என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. சாம்பல் சத்து தண்ணீரில் கரைந்து, சுத்திகரித்த நீரோடு வெளியே போய்விடுவதால் சேற்றில் தங்குவது கொஞ்சம்தான். எதைப் போட்டாலும் பொட்டாஷ் மூட்டை வாங்கத்தான் வேண்டும். இன்னொன்று, பிழிந்து அனுப்பும் சேற்றிலும் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கும். அந்த வண்டி வாடகையில் பெரும்பகுதி தண்ணீருக்குக் கொடுப்பது.

இதெல்லாம் இருந்தும் சேற்றை எடுத்திருப்பேன். தடுத்தது கிணறு.

எங்கள் தோப்பு மேட்டில், கிணறு பள்ளத்தில். மரத்தைச் சுற்றிய வட்டப்பாத்தியில் போட்டது எதுவானாலும் மழை பெய்தால் அதன் சாறு கீழே இறங்கும். இந்தக் கசிவுநீர்தான் என் முழுக் கணக்கும். சேறு போட்ட மண்ணிலிருந்து வடிகிற நீரில் எல்லாம் ஒரே நேரத்தில் வருவதில்லை. முதலில் வருவது உப்பும் அம்மோனியாவும். ஆய்வகங்களில் குழாயில் மண் நிரப்பி, மேலே சேறு கலந்து, மழைபோலத் தண்ணீர் விட்டு, அடியில் வடிவதைப் பிடித்து அதில் நீர்த்தெள்ளுப் பூச்சிகளையும் ஒளிவிடும் பாக்டீரியாக்களையும் விட்டுச் சோதிப்பார்கள். தெள்ளுப்பூச்சி 48 மணி நேரத்தில் அசைவில்லாமல் போகிறதா, பாக்டீரியாவின் ஒளி மங்குகிறதா என்பதுதான் நச்சின் அளவுகோல். பொதுவாக முதல் வடிநீர்தான் கடுமையாக இருக்கும். தண்ணீர் விட விட நச்சு குறையும்.

அதற்குப் பின்னால் வருவது நைட்ரேட். மண் துகள் அதைப் பிடித்து வைப்பதில்லை. செம்மண்ணோ கரிசலோ, வேர் எடுத்தது போக மீதி இறங்கிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் நம் நாட்டு வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடம்பு நீலம் பாயக்கூடும். எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் வீட்டில் குடிக்கிறோம்.

கடைசியில், மெதுவாக, உலோகங்கள். ஈயமும் குரோமியமும் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். துத்தநாகம், நிக்கல், காட்மியம் மூன்றும் நகரக்கூடியவை; மண் புளித்தால் (அமிலத்தன்மை கூடினால்) இன்னும் வேகமாக நகரும். தாமிரம் சேற்றின் கரைந்த மட்குப் பொருளோடு சேர்ந்து சவாரி செய்யும். நம் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரக் கரிசலில் சுண்ணாம்பு இருப்பதால் உலோகத்தை அது கெட்டியாகப் பிடிக்கும். மேற்கே பாலக்காடு நோக்கிப் போனால் செம்புரை மண், புளிப்பு. ஒரே லோடு சேறு எருத்தேம்பதிக் கரிசலில் ஒரு மாதிரியும், அந்தப் பக்கத்துச் செம்புரையில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். "பக்கத்துத் தோப்புல போட்டாங்க, ஒண்ணும் ஆகலையே" என்பதை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். நான்கு அங்குல பிவிசி குழாய்த் துண்டுகளில் எங்கள் செம்மண்ணை நிரப்பி, ஒன்றில் சேறு, ஒன்றில் மாட்டுக் குப்பை, ஒன்றில் எதுவுமில்லாமல் விட்டு, மழைநீர் ஊற்றி வடித்தேன். வடிந்ததில் பச்சைப்பயறும் கீரை விதையும் நனைத்துத் துணியில் முளைக்கட்டினேன். சேற்றின் முதல் வடிநீரில் கீரை விதை அனேகமாக முளைக்கவேயில்லை; பயறு முளைத்தது, வேர் கட்டையாக, நுனி பழுப்பாக. பிறகு வடித்த தண்ணீரில் வித்தியாசம் குறைந்துவிட்டது. மாட்டுக் குப்பை நீரில் முளைத்ததும் வெறும் மண் நீரில் முளைத்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். இது உப்பையும் அம்மோனியாவையும்தான் காட்டும், காட்மியத்தைக் காட்டாது. கரிசல் மண்ணில் செய்து பார்க்கவும் இல்லை. அதனால் இதை ஆய்வு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உப்பும் அம்மோனியாவும் ஒன்றிரண்டு மழையில் போய்விடும் என்றால் போட்டுவிடலாமே என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் உலோகத்தில் இருக்கிறது. ஊர்க் கழிவை மட்கவைத்துச் செய்யும் நகரக் கம்போஸ்ட்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் வரம்பில் துத்தநாகம் கிலோவுக்கு 1000 மில்லிகிராம், நிக்கல் 50, காட்மியம் 5. சேறு அந்த வரம்புக்குள்ளேயே இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 4 டன் காய்ந்த சேறு போட்டால் 4 கிலோ துத்தநாகம். நாம் வழக்கமாகப் போடும் 10 கிலோ ஜிங்க் சல்பேட்டில் இருப்பது 2 கிலோதான், அதையும் எல்லா வருடமும் போடுவதில்லை. வருடா வருடம் சேறு கொட்டினால் மண்ணில் ஏறிக்கொண்டே போகும், எளிதில் குறையாது. இங்கிலாந்தில் வோபர்ன் பண்ணையில் 1942 முதல் 1961 வரை சேறு போட்ட நிலத்தில், பல பத்தாண்டுகள் கழித்தும் உலோகத்தின் பெரும்பங்கு மேல்மண்ணிலேயே இருந்தது. குளோவர் செடியின் வேர்முடிச்சுப் பாக்டீரியா சரியாக வேலை செய்யவில்லை. ஊடுபயிராக நிலக்கடலையும் பசுந்தாள் உரத்துக்குச் சணப்பையும் விதைக்கிற நமக்கு இது கவலைப்பட வேண்டிய விஷயம். பட்டறைகளும் முலாம் பூசும் கூடங்களும் நிறைந்த ஊரின் சாக்கடையிலிருந்து வரும் சேறு என்றால் நிக்கலை முதலில் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்து 2006-இல் விவசாயத்துக்குச் சேற்றை நிறுத்தியது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலம், மட்காத ஃப்ளூரின் வேதிப்பொருள்களுக்குப் பயந்து, 2022-இல் தடை போட்டது.

மாட்டுக் குப்பை யோக்கியம் என்று சொல்லவில்லை. அளவு மீறிக் கொட்டினால் அதிலிருந்தும் நைட்ரேட் இறங்கும். கோரைக்கிழங்கும் களை விதையும் கூடவே வரும். முக்கியமாக, காண்டாமிருக வண்டு குப்பைக்குழியில்தான் முட்டையிடும். கள்ளுக்கு விட்ட மரத்தில் குருத்தை வண்டு துளைத்துவிட்டால் அந்த வருட வருமானம் அவ்வளவுதான். குழியில் வண்டின் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்து, நன்றாக மட்கிய பிறகுதான் எடுக்கிறோம். மரத்துக்கு 50 கிலோ, மழை தொடங்கும்போது பாத்தியில் போட்டு மண் மூடிவிடுகிறோம். ஆட்டுக்காரர்கள் வந்தால் இரவில் ஆடுகளைத் தோப்பிலேயே பட்டி அடைக்க (கிடை போட) சொல்வதும் உண்டு. கிடை போட்ட இடத்துக்குக் குப்பை பாதி போதும் என்பது அனுபவம்.

கம்போஸ்ட் செய்த சேறு வேறு சரக்கு. சூடேறி மட்கினால் கிருமியும் அம்மோனியாவும் பெரிதும் குறையும். உலோகம் குறையாது, மட்கி எடை குறைவதால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே செய்யும். அதை நான் போட்டுப் பார்த்ததில்லை.

பிளாண்ட் சேறுதான் வேண்டும் என்கிறவர்கள் கரிசலாக, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில் இருக்கிற, தென்னை மட்டும் நிற்கிற துண்டைத் தேர்ந்தெடுக்கட்டும். போடும் முன்னால் கிருஷி பவனில் (கேரள வேளாண் துறை அலுவலகம்) கேட்டு மண்ணின் கார அமில நிலையைப் பார்த்துக்கொள்வது நல்லது. கீரையும் தக்காளியும் அந்தத் துண்டில் வேண்டாம். முழுதாகக் கிருமி நீக்காத சேறு போட்டால், மண்ணைத் தொடும் காய்களுக்கு 14 மாதம் காத்திருக்கச் சொல்கிறது அமெரிக்காவின் 1993 விதி. மண்ணுக்குள் விளையும் கடலைக்கு அதைவிட நீளம். லோடு இறக்கும் முன் ஆய்வறிக்கை கேளுங்கள். நான் கேட்டபோது டிரைவர் சிரித்தார், அந்த லோடை அப்படியே திருப்பி அனுப்பினேன்.