டேலி பிரைம் ரீஆர்டர் ரிப்போர்ட்: ஒரே லாரியில் வரும் சரக்குக்குச் சரிப்படுமா?

ஒரே மொத்த வியாபாரியிடம் பல ஐட்டம் வாங்கும் ஹார்டுவேர் கடைக்கு, டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் எந்தச் சரக்கை மறுபடி வாங்க வேண்டும் என்று காட்டும் 'ரீஆர்டர் ஸ்டேட்டஸ்' ரிப்போர்ட் நல்ல கருவி. ஆனால் அது பற்றாக்குறை காட்டும் போதெல்லாம் ஆர்டர் போட்டால் லாபம் லாரி வாடகைக்கே போய்விடும். கையிருப்போடு வரவேண்டிய ஆர்டரைக் கூட்டி, வாடிக்கையாளர் ஆர்டருக்குக் கொடுக்கவேண்டியதைக் கழித்து, ஒவ்வொரு ஐட்டத்தையும் அது தனித்தனியாகத்தான் பார்க்கிறது. எதெல்லாம் ஒரே வண்டியில் வரும் என்பது அதற்குத் தெரியாது.

அந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும். லோடுக்கு வாடகை, இறக்குகூலி ரூ.1,800 என்று வைப்போம். ஒவ்வொரு ஐட்டத்தையும் சரிபார்த்து அடுக்க ரூ.100. ஆண்டுக் கொள்முதல்: பிவிசி பைப் 12 லட்சம், ஃபிட்டிங்ஸ் 3 லட்சம், சால்வென்ட் சிமெண்ட் (பைப் ஒட்டும் பசை) 60,000, டெஃப்லான் டேப் 15,000. சரக்கில் முடங்கும் பணத்துக்கு ஆண்டுக்கு 20 சதவீதம் செலவு.

தனித்தனியாக வரவழைத்தால் பைப் 46 நாளுக்கு ஒருமுறை, ஃபிட்டிங்ஸ் 92, சிமெண்ட் 205, டேப் 411 நாள் என்று வரும். ஆண்டுச் செலவு சுமார் ரூ.55,400. எல்லாவற்றையும் 42 நாளுக்கு ஒரு லோடாக்கி, டேப்பை மட்டும் ஒரு லோடு விட்டு ஒரு லோடில் சேர்த்தால் சுமார் ரூ.37,000தான். சிமெண்ட் டின் ஏழு மாதம் ரேக்கில் கிடந்து கெட்டியாகும் தொல்லையும் குறையும்.

42 எப்படி வந்தது? லோடு செலவோடு ஐட்டம் செலவுகளைக் கூட்டுங்கள், டேப்புக்குப் பாதி மட்டும்: 2,150. அதன் இரட்டிப்பை, கொள்முதல் கூட்டுத்தொகையின் (டேப்பை இரட்டித்தால் 15.9 லட்சம்) 20 சதவீதமான 3.18 லட்சத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 365-ஆல் பெருக்குங்கள். இரண்டு மூன்று நாள் முன்பின் ஆனாலும் செலவு பெரிதாக மாறாது. ஆறு வாரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இனி டேலியில். சப்ளையர் வாரியாக ஸ்டாக் குரூப் போடுங்கள். பலர் தவறுவது ரீஆர்டர் லெவலில், அதாவது இருப்பு எதற்குக் கீழே போனால் ஆர்டர் போட வேண்டும் என்ற அளவில்: சரக்கு வந்து சேரும் 6 நாளுக்கு மட்டும் வைக்கிறார்கள். ஆர்டர் நாளில் மட்டும் ரிப்போர்ட் பார்ப்பதால், இருப்பும் இப்போது போடும் ஆர்டரும் சேர்ந்து அடுத்த லோடு இறங்கும்வரை தாங்க வேண்டும். 42-ஓடு 6 சேர்த்து 48 நாள் விற்பனை, அதன்மேல் எதிர்பாராத விற்பனைக்குப் பாதுகாப்பு இருப்பு. டேப்புக்கு இரண்டு சுற்று, 84-ஓடு 6 சேர்த்து 90 நாள். தினம் 10 எல்போ போனால் 480-க்கு மேல். அப்படி வைத்தால் ரிப்போர்ட் காட்டும் பற்றாக்குறையே ஆர்டர் அளவு.

இங்கேதான், கடந்த விற்பனையை வைத்து லெவலை டேலியே கணக்கிடும் 'அட்வான்ஸ்டு' முறை கைகொடுக்கிறது. கடந்த 55 நாள் (48-க்கு மேல் 7; டேப்புக்கு 97) விற்பனையை எடு என்று கொடுத்தால் பாதுகாப்பு இருப்பும் அதில் அடங்கி, லெவல் தானாக மாறும். கூடவே ஒரு குறைந்தபட்ச அளவு கொடுத்து, இரண்டில் எது அதிகமோ அதை எடுக்கும் 'ஹையர்' தேர்ந்தெடுப்பது அவசியம். ஏனென்றால் 20 நாள் ஸ்டாக் இல்லாமல் போன ஐட்டத்துக்கு விற்பனையும் குறைவாகவே பதிவாகியிருக்கும். லெவல் இறங்கி, அடுத்த முறை இன்னும் குறைவாக வாங்கி, மறுபடி தீர்ந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை மந்தமான கணக்கை வைத்துத் தை மாதத்துக்கான ஆர்டர் போட்டாலும் இதே கதி. மாறாக, ஒரு கான்ட்ராக்டர் மொத்தமாக அள்ளிப்போன பில் லெவலைத் தூக்கிவிடும். அந்த மாதம் கையால் திருத்துங்கள்.

குறை என்றால், இரண்டு சப்ளையரிடம் வாங்கும் ஐட்டத்தை ஒரு குரூப்பில்தான் வைக்க முடியும். அதிகம் வாங்கும் பக்கம் வைத்துவிடுங்கள்.